முக்கால் பவுன் ஈயமும் பதினான்கு வருடத் தேய்மானமும்

கிருஷ்ணகிரியில் என் மைத்துனருக்கு நகைக்கடை இருக்கிறது. போன தை மாதம், கூட்டம் இல்லாத ஒரு மதிய நேரத்தில், அவருடைய மின்னணுத் தராசில் நசுங்கிய ஈயக் கட்டி ஒன்றை வைத்தேன். 6.310 என்று காட்டியது. "முக்கால் பவுன், மேலே இரண்டு குண்டுமணி" என்றார் பழக்கதோஷத்தில். அதன் பிறகுதான் அது என்னவென்று கேட்டார். ரிவால்வர் குண்டு, சுடுதளத்து மணல் மேட்டிலிருந்து பொறுக்கியது என்றேன். ஒன்றும் சொல்லாமல் தராசுத் தட்டைத் துணியால் மூன்று முறை துடைத்தார்.

அந்தக் குண்டின் எடையைப் பற்றித்தான் எனக்கும் காவேரிப்பட்டணத்து மாங்காய் மண்டி நண்பருக்கும் ஒரு வருடமாக வழக்கு. அவர் 2024-இல் புதிதாக ஒரு ரிவால்வர் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து ஒரே கேள்வி: "அண்ணா, கனமான குண்டு போட்டால் துப்பாக்கி சீக்கிரம் தேய்ந்துவிடுமா?" தேயும் என்று அவருக்குச் சொன்னவர்கள் பத்துப் பேர். அவ்வளவு எளிதல்ல என்று சொன்னவன் நான் ஒருவன். பத்துக்கு ஒன்று என்றால் யார் பேச்சு எடுபடும்? அதனால், என் பழைய ரிவால்வரைப் பதினான்கு வருடம் வைத்திருந்து, அளந்து, எழுதிவைத்த கணக்கை இங்கே கொட்டிவிடுகிறேன். வாங்கி ஒரு வாரத்தில் எழுதும் மதிப்புரைகள் ஏராளம். ஒரு பொருள் எங்கே தேய்கிறது என்பது ஒரு வாரத்தில் தெரியாது.

நான் ஓசூர் சிப்காட்டில் சிறிய டூல் ரூம் நடத்துகிறவன். பிரஸ் டூல், ஜிக், ஃபிக்சர் செய்து பெரிய ஆலைகளுக்குக் கொடுப்பது தொழில். 2011-இல் ஆயுத உரிமம் வாங்கியதற்குக் காரணம் சம்பளப் பணம். சனிக்கிழமைதோறும் முப்பத்தெட்டுப் பேரின் கூலியை வங்கியிலிருந்து ரெக்சின் பையில் போட்டு, இருசக்கர வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வருவேன். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாமல் போன பிறகு கூலி நேராக அவரவர் கணக்குக்குப் போகிறது. அன்றோடு துப்பாக்கிக்கு வேலை போய்விட்டது. அதை எண்ணெய் போட்டுத் துடைத்து அளந்து பார்க்கும் வேலை மட்டும் எனக்கு மிச்சம். என் மனைவி அதைத் தன் சக்களத்தி என்கிறாள்.

துப்பாக்கி புதிதல்ல. எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தது. .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்ற தோட்டாவைச் சுடும் ஆறு அறை ரிவால்வர். நடுவில் மடங்கித் திறக்கும் வகை: மேலே உள்ள கொண்டியைக் கட்டைவிரலால் தள்ளினால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து கீழே சாயும், காலிக் கூடுகள் தாமாக வெளியே எழும்பும். செய்தவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இரண்டு பேர் கைபட்டு வந்த பொருளுக்கு நான் போடும் மதிப்பெண், நல்லதோ கெட்டதோ, அதைச் செய்த ஆலையைச் சேராது. தோட்டாவின் வரலாறு மட்டும் சொல்லலாம். 1896-இல் வந்தது. நூற்றுமுப்பது வருடத்துக் கிழம் என்று நினைக்கவேண்டாம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிகளில் இன்றும் இதைத்தான் நிறையப் பேர் சுடுகிறார்கள், மூக்கு தட்டையான குண்டு வைத்து. காகிதத்தில் துளை, ஆணி அடித்துக் கழற்றியதுபோல் வட்டமாக விழும்.

இப்போது எடைக் கணக்கு. துப்பாக்கிக்காரர்கள் குண்டை கிராமில் சொல்வதில்லை, கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். தானியமணியிலிருந்து வந்த அளவு, நம் குண்டுமணி மாதிரி. எனக்கு அது மனதில் நிற்பதே இல்லை. ஒரு நாள் மைத்துனர் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் வழி கிடைத்தது. ஒரு பவுன் 8 கிராம். ஆக, 125 கிரெயின் குண்டு என்றால் ஏறத்தாழ ஒரு பவுன். 158 கிரெயின் என்றால் ஒன்றேகால் பவுன். என்னுடைய .32-க்கு வரும் 98 கிரெயின், 6.35 கிராம், முக்கால் பவுனுக்குச் சற்று மேல். தராசில் 6.310 வந்ததற்குக் காரணம், குழலின் உட்புறத் திருகு வரிகளில் உரசியும் மணலில் மோதியும் போன 40 மில்லிகிராம். நகைக்காரர் மொழியில் சேதாரம். ஒரு சதவீதம்கூட இல்லை. எந்த நகைக்கடையில் இந்தச் சேதாரம் கிடைக்கும் என்று கேட்டேன். மைத்துனர் சிரிக்கவில்லை.

சரி, கனமான குண்டு துப்பாக்கியைத் தேய்க்குமா? இதற்கு உலகம் அறிந்த பாடம் ஒன்று இருக்கிறது. அது எல்லோரும் நினைப்பதற்கு நேர் எதிர்.

.357 மேக்னம் என்ற தோட்டா 1935-இல் வந்தது. தொடக்கத்தில் அதற்கான ரிவால்வர்கள் கனமானவை. 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸன், 'கே' என்று அழைக்கப்படும் நடுத்தர உடலில் அதே தோட்டாவைச் சுடும் ரிவால்வரைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் போலீஸ்காரர்களுக்கு இடுப்புக்கு இதமாக இருந்தது. பயிற்சிக்கு வலு குறைந்த .38 தோட்டா, பணிக்கு மட்டும் மேக்னம் என்று இருந்தவரை தொல்லை இல்லை. பிறகு பயிற்சிக்கும் மேக்னமே சுடவேண்டும் என்றார்கள். கூடவே 125 கிரெயின் குண்டு பிரபலமானது. அதாவது, ஒன்றேகால் பவுனிலிருந்து ஒரு பவுனுக்கு இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் குழலின் பின்வாய் விரிசல் விடத் தொடங்கியது.

காரணத்தை என் தொழிலை வைத்துச் சொன்னால்தான் எனக்கே புரியும். எங்கள் டூல் ரூமின் பின்கட்டில் ஒரு சேண்ட் பிளாஸ்டிங் யூனிட் இருக்கிறது. காற்றழுத்தத்தில் மணல் போன்ற சன்ன மணியைப் பீய்ச்சி இரும்பின் துருவை நீக்குவது. அதில் முதலில் தேய்வது மணி போய் மோதும் இரும்பு அல்ல, மணி வெளிவரும் நாசில். குறுகிய துளைக்குள் வேகமாக, சூடாக, நொறுங்கிய துகளோடு எது போனாலும் அந்தத் துளையைத் தின்றுவிடும். ரிவால்வரிலும் அப்படி ஒரு வாய் இருக்கிறது. சிலிண்டரிலிருந்து புறப்படும் குண்டு, முடி அளவு இடைவெளியைத் தாண்டிக் குழலின் பின்வாயில் நுழையவேண்டும். இலேசான குண்டு நீளத்திலும் குட்டை. அதன் அடிப்பாகம் சிலிண்டரைவிட்டு முன்னதாகவே வெளியேறிவிடுகிறது. அதற்கு வேகம் கொடுக்க வெடிமருந்தும் கூடுதலாகப் போட்டிருக்கும். எரிந்து முடியாத மருந்துத் துகளும் பழுக்கக் காய்ந்த வாயுவும் அந்த வாயை அறைந்துகொண்டு போகும். மேல்பக்கச் சட்டத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு வெட்டுக்கோடு விழும். 'கே' உடலில் இன்னொரு குறையும் இருந்தது. சிலிண்டரைத் தாங்கும் கரத்துக்கு இடம்விட, குழலின் பின்வாய்க்கு அடியில் சற்றுச் சீவித் தட்டையாக்கியிருந்தார்கள். மெலிந்த இடம் அதுதான், விரிசல் விட்டதும் அங்கேதான். 1980-இல் அந்த நிறுவனமே சற்றுப் பெரிய 'எல்' உடலைக் கொண்டுவந்து அந்தச் சீவலுக்கு அவசியம் இல்லாமல் செய்தது.

இன்னொரு சாட்சி. அதே நிறுவனம் ஸ்காண்டியம் என்ற உலோகம் கலந்த அலுமினிய உடலில் செய்த மிக இலேசான .357 ஒன்றின் குழலிலேயே, 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு கூடாது என்று பொறித்து விற்றது. கூடாது என்றது கனமான குண்டை அல்ல, இலேசான குண்டை. என் நண்பருடைய பத்து ஆலோசகர்களில் ஒருவருக்காவது இதைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை.

கனத்தின் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் .38 ரிவால்வருக்கு மாறியபோது அவர்கள் தேர்ந்தெடுத்த குண்டு 200 கிரெயின். 13 கிராம், ஒன்றரைப் பவுனுக்கும் மேல். வெறும் ஈயம். உடலில் பட்டு நசுங்கும் ஈயக் குண்டு, போரில் அத்தகைய குண்டைத் தடுத்த ஹேக் உடன்படிக்கைக்கு ஒத்துவருமா என்ற கவலை வந்ததால், பிறகு 178 கிரெயினுக்குக் குறைத்து மேலே உலோக உறை போட்டார்கள். அந்த 200 கிரெயின் குண்டு விநாடிக்கு 200 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் போகும். அதைச் சுட்ட என்ஃபீல்ட், வெப்லி ரிவால்வர்கள் என்னுடையதைப் போலவே கீலில் மடங்கித் திறப்பவை. இருப்பதிலேயே பலம் குறைந்த அமைப்பு என்று எல்லோரும் சொல்லும் வகை. கனமான குண்டு, பலம் குறைந்த பூட்டு, ஆனாலும் பல வருடம் உழைத்தன. இலேசான குண்டு, ஒரே துண்டான கெட்டி உடல், அங்கே விரிசல். வேகத்தையும் மருந்தையும் விட்டுவிட்டு எடையை மட்டும் கேட்பது, தொப்பூர் கணவாயில் லாரி ஏன் கவிழ்ந்தது என்பதற்குச் சுமை எத்தனை டன் என்று மட்டும் விசாரிப்பது போன்றது.

கனமான குண்டுக்குத் தீமையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. உதைப்பு கூடும். சிலிண்டர் முன்னும் பின்னும் மோதுவதால் நாளடைவில் அதற்கு ஆட்டம் வரும். மிக இலேசான ரிவால்வரில், சுடாத அறைகளில் இருக்கும் தோட்டாவின் குண்டு உதைப்பினால் கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து, சிலிண்டரைச் சுற்றவிடாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. குறியும் மாறும். கனமான குண்டு இலக்கில் கீழே படும் என்று நினைப்போம், கிட்டத்தில் மேலேதான் படும். மெதுவாகப் போவதால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் உதைப்பு குழலின் மூக்கைத் தூக்கிவிடுகிறது. ஆனால் இதையெல்லாம் .32 வைத்திருப்பவர் நினைத்துத் தூக்கம் கெடவேண்டியதில்லை. 158 கிரெயின் மேக்னத்தின் ஆற்றலில் என் தோட்டாவுடையது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அப்படியானால் என் ரிவால்வர் தேயவே இல்லையா? தேய்ந்தது. நன்றாகவே தேய்ந்தது.

வாங்கிய நாளே, சிலிண்டர் காலி என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையில் ஃபீலர் கேஜ், அதாவது இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு, விட்டேன். 0.15 மில்லிமீட்டர். நல்ல அளவு. ஆறு அறைகளுக்கும் தனித்தனியாக அளந்து, டூல் ரூமின் பழைய இன்ஸ்பெக்‌ஷன் நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் அளப்பது வழக்கமாகிவிட்டது. லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்கு வந்து இதற்கும் ஒரு பொட்டு. பிறகு கேஜ். 2016-இல் இடைவெளி 0.18. 2019-இன் தொடக்கத்தில் 0.22. அதுவரை சுட்ட தோட்டா 290.

எனக்கே உறுத்தியது. 290 தோட்டா என்பது ஒன்றுமே இல்லை. நான் உறுப்பினராக இருக்கும் ரைஃபிள் கிளப்பில் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் அதே .32-ஐ பிஸ்டலில் ஒரு மாதத்தில் அதைவிட அதிகமாகச் சுடுகிறார்கள். கிளப் தளத்தில் துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்திவைத்துச் சுட்டுப் பார்த்தேன். வலப்பக்க அட்டையில் வெறும் புகைக்கறை. இடப்பக்கத்தில் கறையோடு, கடுகைப் பாதியாக உடைத்ததுபோல் ஈயத் துணுக்குகள் ஏழு, அட்டையில் குத்திக்கொண்டு நின்றன. குண்டு குழலின் பின்வாயில் நேராக நுழையாமல் ஒரு ஓரம் சீவப்படுகிறது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்டால் வம்பு. அன்றே சுடுவதை நிறுத்தினேன்.

சேலத்தில் உரிமம் பெற்ற பழைய பழுதுபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்பார்கள். பெங்களூரு எனக்குக் கிட்டம்தான், நாற்பது கிலோமீட்டர். ஆனால் என் உரிமம் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும். எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குள் அதை எடுத்துப்போனால் நான் குற்றவாளி. எனவே வடக்கே நாற்பதை விட்டுவிட்டு, தெற்கே சேலம்வரை போனேன்.

பாய் துப்பாக்கியை வாங்கிப் பார்க்கவில்லை. என் கையிலேயே வைத்துத் திறந்து மூடச் சொன்னார். எப்போதும்போல் திறந்தேன். எப்போதும்போல், குழலை மேல்நோக்கி ஒரு உதறு உதறி 'டக்' என்று மூடினேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். நன்றாகப் பொருந்திய பிரஸ் டூலின் சத்தம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை மூடச் சொன்னார். பிறகு, "தம்பி, வீட்டுக் கதவை இப்படித்தான் சாத்துவீர்களா?" என்றார்.

கீல் முளையைக் கழற்றி விளக்கடியில் வைத்தார். அதைப் பார்த்தபோது, முப்பது வருடம் தேய்மானம் பார்த்துப் பிழைக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாக இருந்தது. முளை முழுக்கக் கறுப்பு. ஒரு பக்கத்தில் மட்டும் பிறைநிலா மாதிரி பளபளப்பு. விரல்நகத்தை ஓட்டினால் நகம் அந்த விளிம்பில் தட்டி நின்றது. கொண்டியின் உள்பக்கத்திலும் அதே பளபளப்பு, கூடவே பிசிறு. "குண்டு தேய்த்திருந்தால் குழல் வாயில் தெரியும். அங்கே பாருங்கள், புதிதுபோல் இருக்கிறது. இது கை தேய்த்தது" என்றார். முன்னிருந்த இருவரும் அப்படித்தான் மூடியிருப்பார்கள் என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அவர்கள் காலத்தில் 0.15 இருந்தது, என் காலத்தில்தான் 0.22 ஆனது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த முளை என் டூல் ரூமில் அரை மணி நேர வேலை. நல்ல எஃகு எடுத்து, கடினப்படுத்தி, சிலிண்டரிக்கல் கிரைண்டரில் ஐந்து மைக்ரானுக்குள் கொண்டுவந்துவிடுவேன். ஆனால் சொந்தத் துப்பாக்கியே ஆனாலும், பழுதுபார்க்கத் தனி உரிமம் இல்லாதவன் அதில் கைவைப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். பாய்க்கு மூன்று வாரம் ஆயிற்று. சற்றுப் பருத்த முளை போட்டு, கொண்டியைச் சீர்செய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கேஜ் விட்டேன். 0.16. சாணை பிடிக்காமல் அரத்தாலேயே பொருத்திய வேலை. என்னிடம் வேலை பார்க்கும் பையன்களுக்கு அந்தக் கை இல்லை. எனக்கும் சந்தேகம்தான்.

2019-க்குப் பிறகு இன்றுவரை 281 தோட்டா. அதே 98 கிரெயின், அதே ஈயம், அதே குழல். மாற்றியது ஒன்றே ஒன்று. மூடும்போது இரண்டு கையாலும், கொண்டியைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பொருத்துகிறேன். போன ஆயுத பூஜையில் இடைவெளி 0.17. முதல் 290-க்கு 0.07 தேய்மானம், அடுத்த 281-க்கு 0.01. எடைக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சத்தம் போட்டு மூடுவதோடு நான் செய்த இன்னொரு பாவம், இரவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு வெறும் அறைகளில் விசையை இழுத்துப் பழகியது. தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும் ஊசியின் முனை மழுங்கிவிட்டது என்று பாய் அதையும் மாற்றினார். இப்போது பழகுவதற்கு டம்மி தோட்டா. விசையைப் படபடவென்று வேகமாக இழுப்பதும் கெடுதல்தான். சுழன்றுவரும் சிலிண்டரை அதன் குழியில் ஒரு சிறு நாக்கு பிடித்து நிறுத்துகிறது. வேகம் கூடக்கூடக் குழியின் ஓரம் அடிபட்டுப் பிசிறு தள்ளும். ஓடும் பஸ்ஸைக் கையால் பிடித்து நிறுத்துவது மாதிரி.

துருவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை பொய்யாகிவிடும். நம் ஊரில் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு வெயில், மழை, தேர்தல் என்று மூன்று பருவம். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். 2014 மக்களவைத் தேர்தலின்போது அழகான புதுத் தோல் உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது, உறையின் தையல் பட்ட இடமெல்லாம் குழலில் வரிசையாகத் துருப்புள்ளி. எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. அவர்கள்மேல் குற்றமில்லை, கொடுத்தபடி பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். தோலைப் பதப்படுத்தும் உப்பும் அதில் ஏறிய ஈரமும் சேர்ந்து செய்த வேலை. தோலுக்குள் வைத்து இரும்பைப் பூட்டிவைக்கக்கூடாது என்பது ஒரு டூல் ரூம்காரனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பிளாக்கோடைசிங் என்ற கறுப்புப் பூச்சு போட்ட உதிரிபாகத்தை அட்டைப்பெட்டியில் அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளருக்கு வகுப்பு எடுப்பவன் நான். அடுத்தடுத்த தேர்தல்களில் எண்ணெய் தோய்த்த பருத்தித் துணி, மேலே மெழுகுக் காகிதம். 2024-இல் மார்ச்சில் கொடுத்து ஜூனில் வாங்கினேன். ஒரு புள்ளி இல்லை. 571 குண்டு போயும் குழலின் உள்ளே விழாத குழி, ஒரு குண்டும் படாத வெளிப்பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

நண்பருடைய ரிவால்வருக்கு வருகிறேன். அவர் வாங்கியது 'பிரபல்'. 2023 ஆகஸ்டில் கான்பூரின் அரசு நிறுவனம் வெளியிட்டது. அதே .32 தோட்டா. குழல் 76 மில்லிமீட்டர், தோட்டா இல்லாமல் எடை 675 கிராம். இதில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், உடல் மடங்காது. உள்நாட்டுத் தயாரிப்பில் இவ்வகை இதுவே முதல் என்று வெளியிட்டபோது செய்தி வந்தது. அதற்கு முன் 2014-இல் வந்த 'நிர்பீக்' டைட்டானியம் கலவை, ஏறத்தாழ 500 கிராம். கைப்பைக்கு அது வசதி. ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும்போது 675 கிராமைவிட 500 கிராமில் உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். குண்டின் எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் துப்பாக்கியின் எடையைக் கேட்பதே இல்லை.

தேய்மானக் கண்ணோடு பார்த்தால் பக்கவாட்டில் திறக்கும் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. குழலையும் பின்பக்கச் சட்டத்தையும் இணைப்பது கீல் முளையும் கொண்டியும் அல்ல, ஒரே உடல். என் ரிவால்வரை எட்டு வருடத்தில் சேலத்துக்கு அனுப்பிய அந்த இரண்டு இடங்களும் இதில் இல்லவே இல்லை. புதிதாக வாங்குபவர் என்னைக் கேட்டால் இந்த வகையைத்தான் வாங்கச் சொல்வேன். என்னுடையது போன்ற மடங்கும் வகை கைக்குக் கிடைத்தால், விலையைப் பேசுவதற்கு முன் குழலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்வேன். கொண்டி பூட்டிய நிலையில் ஆடினால் வேண்டாம். வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தால் இன்னும் சந்தேகப்படவேண்டும், பழைய காரின் புதுப் பெயின்ட் மாதிரி. பக்கவாட்டு வகையிலும் பலவீனமான இடம் ஒன்று உண்டு. சிலிண்டரைத் தாங்கும் கரம். அது வளைந்தால் அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரும் நானும் கிளப்புக்குப் போனோம். உரிமம் அவருடையது, சுட்டவரும் அவரே. நான் கேஜ் பிடித்தவன். சுடுவதற்கு முன் ஆறு அறைகளையும் அளந்து, அவருக்கென்று வாங்கிப்போன புது நோட்டில் முதல் வரியாக எழுதினேன். நிதானமாக இரண்டு சுற்று சுட்டார், பன்னிரண்டு தோட்டா. இரண்டு அட்டையிலும் புகைக்கறை மட்டும், துணுக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு தோட்டாவை வைத்துத் தேய்மானத்துக்குத் தீர்ப்பு எழுதமுடியாது. பத்து வருடம் கழித்து அந்த நோட்டைக் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. காலிக் கூடுகளைத் தட்டிக் கொட்டினார். பிறகு, துப்பாக்கியை ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றி, சினிமாவில் வருவதுபோல் சிலிண்டரை 'டக்' என்று உள்ளே தள்ளி மூடினார்.

தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் கத்திவிட்டேன். அவர் பதறிப்போய், "என்ன அண்ணா, குண்டு ஏதாவது மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டார். நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி, முதல் வரிக்குக் கீழே எழுதினேன்: சுட்டது – 12. அறைந்து மூடியது – 1.